பரீட்சைக்குப் போற மகனுக்குச் செவுத்துத் தறிக்காரன் எழுதுறது

தம்பி,

இங்க எல்லாரும் சொகம், அங்க உன் சொகத்துக்கு எழுதவும்னு போட்டுத்தான் கடுதாசியை ஆரம்பிக்கணுமாம், உங்கம்மா சொல்றா. அப்படி எழுதுனா முத வரியே பொய்யாப் போயிரும், அதனால விட்டுட்டேன். காலையில இருந்து நான் ஒரு எடத்துல ஒக்காரல. தறிக்குழியில கால விட்டேன், நாலு ஊடை நூலு ஓட்டுறதுக்குள்ள ரெண்டு இழை அந்துபோச்சு, எந்திரிச்சுட்டேன். வாசலுக்கும் அடுப்படிக்குமா நடந்தேன். "நடக்குறதா இருந்தா தெருவுல பாவு நூலு நீட்டியிருக்காக, அங்கிட்டுப் போயி நடங்க, நாலு பேருக்காவது ஒதவும்"னு உங்கம்மா சொல்லிப்புட்டா. அதான் உன் பழைய நோட்டுல மிச்சம் கெடந்த தாளைக் கிழிச்சு, பக்கத்து வீட்டுல பேனாவும் வாங்கி ஒக்காந்துட்டேன். நம்ம வீட்டுல பேசுறது தெலுங்கு, அதுல ஒரு எழுத்துக்கூட எனக்குத் தெரியாது. தமிழ்ல அரை அஞ்சாப்பு. உன்னைத் திட்டுறதுக்கு வீட்டுப் பாசைதான் எனக்கு வாட்டமா இருக்கும், அதை எழுத வராது. அதனால இந்தக் கடுதாசியில திட்டு கம்மியாத்தான் இருக்கும், தப்பிச்ச.

உன் சேக்காளி ராமசுப்பு காலையில பரளச்சியில இருந்து பருத்தி லோடோட டவுனுக்கு வந்தவன், நேரா நம்ம வீட்டுக்கு வந்தான். உங்கம்மா தோசை சுட்டுப் போட்டா. சாப்புட்டவன் கையக் கழுவாம தட்டையே பாத்துக்கிட்டு இருந்தான். "என்னடா, இன்னும் ரெண்டு ஊத்தவா"ன்னு கேட்டதுக்கு, "இல்லப்பா, ஹால் டிக்கெட்டு வந்துருச்சு. ஞாயித்துக்கிழமை மதுரையில பரீட்சை. அவன் போகலைங்கிறான்"னான். எனக்கு வெளங்கல. மூணு மாசமா அவுக வீட்டு மோட்டார் ரூம்புல ஒக்காந்து படிச்சவன், இந்த வருசத்தோட வயசு முடியுது, இதை விட்டா இனிமே ரயில்வேக்கு மனுப் போட முடியாதுன்னு தெரிஞ்சவன், எதுக்குப் போகலைங்கிறான்னு கேட்டேன். ராமசுப்பு உங்கம்மா மொகத்தைப் பாத்தான், அப்புறம் என்னையப் பாத்தான். "நீங்க மதுரைக்கு வந்துருவீகளோன்னு பயப்படுறான்ப்பா. அதைச் சொல்ல மாட்டேங்கிறான். உங்க பேச்சை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிர்றான்"னான். நானும் கேலியாச் சொல்லித் தப்பிக்கலாம்னு வாயைத் தொறந்தேன். எனக்கே கேலி வரலைன்னா பாத்துக்க.

அவன் பருத்தியப் போட்டுட்டு அஞ்சு மணி பஸ்ஸுக்குத் திரும்புறான். அவன்கிட்ட இதைக் குடுத்து விடணும். அதுக்குள்ள சொல்ல வேண்டியதைச் சொல்லணும். நீ இதைத் திருத்தாமப் படி. ஒத்து, புள்ளி எல்லாம் நீயே பாத்துப் போட்டுக்க.

மொதல்ல மொதப் பரீட்சையைப் பத்திச் சொல்றேன். நீ எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிட்டு தறிக்கு வந்த. ரயில்வேயில கிளார்க்குக்கு ஆள் எடுக்காக, பரீட்சை எழுதணும், படிக்க நேரம் வேணும்னு கேட்ட. நான் பெரிய மூளைக்காரன் இல்லையா. நேரம் எதுக்குடா தனியா, தறி கால்லயும் கையிலயும்தான ஓடுது, வாய் சும்மாத்தான இருக்கு, வாயால படிடான்னேன். பழைய பேப்பர் கடையில ஒரு கைடு வாங்கிட்டு வந்து உன் தறிக்கு நேரா கயித்துல கட்டித் தொங்க விட்டேன். அது எப்பப் போட்ட கைடுன்னு நான் பாக்கல. அதுல நம்ம ராஜ்யத்துக்குப் பழைய பேரே இருந்துச்சு, ஆப்பிரிக்காவுல பாதி தேசம் இன்னும் வெள்ளைக்காரன் கையிலதான் இருந்துச்சு. மந்திரிமாருக பாதிப்பேரு போயிச் சேந்துட்டாக. நீ அதை வச்சே ஆரம்பிச்ச. ஒரு மிதிக்கு ஒரு தேசம், மறு மிதிக்கு அதோட தலைநகரம். டக்குன்னா ஒரு ஆறு, டக்குன்னா அது பொறக்குற மலை. எதுத்த தறியில இருந்து நான் கேட்டுக்கிட்டே இருப்பேன், எனக்கே பாதி மனப்பாடம். நீ அப்ப நெய்ஞ்ச சேலையைக் கட்டுனவ எவளோ, உலகத்துல உள்ள தேசம் பூராத்தையும் இடுப்புல சொருகிக்கிட்டுத் திரிஞ்சுருப்பா.

பரீட்சைக்குப் போற அன்னைக்கு நான் தெரு பூராவும் சொல்லி வச்சிருந்தேன். ஏழு வீட்டுல உன்னைக் கூப்புட்டுத் தயிரும் சீனியும் குடுத்தாக. ஏழு வீட்டுலயும் மறுக்காம சாப்புட்ட. மதுரைக்குப் போற வழியில ரெண்டு எடத்துல பஸ்ஸை நிப்பாட்டச் சொன்னதை கண்டக்டர் இன்னும் மறந்துருக்க மாட்டாரு. அதையும் தாண்டி உள்ள போயி ஒக்காந்த. சாயங்காலம் திரும்பி வந்து, சட்டையக்கூட கழத்தாம எங்கிட்ட வந்து சொன்ன, எனக்கு இப்பவும் அந்த மொகம் தெரியுது. "வீட்டுல எல்லாம் வந்துச்சுப்பா. அங்க சத்தமே இல்ல. ஒண்ணும் வரல." நடுவுல இருந்து ஒரு தேசத்தைக் கேட்டிருக்கான். உனக்கு மொதல்ல இருந்து சொன்னாத்தான் வரும். பெஞ்சுக்கு அடியில காலால மிதிச்சு மிதிச்சு மொதல்ல இருந்து வந்துருக்க. பரீட்சை மேப்பார்வை பாக்குறவரு, "காலை ஆட்டாத தம்பி, பக்கத்துல உள்ளவுகளுக்குத் தொந்தரவா இருக்கு"ன்னுருக்காரு. கால் நின்னுச்சு, தேசமும் நின்னுபோச்சு.

அது போக ஒரு கணக்கு. தொட்டி ரொம்புற கணக்கோ என்னவோ சொன்ன. அது வராம முக்கால் மணி நேரம் அதுலயே கெடந்துருக்க. அதுக்குப் பின்னால இருந்த லேசான கணக்கை எல்லாம் பாக்கவே இல்ல. அதுக்கும் காரணம் நாந்தான். எட்டு வயசுல உன்னைத் தறியில ஒக்கார வச்சு, ஒரு இழை அந்தாலும் அதை முடிஞ்சு சேக்காம மேல நெய்யக் கூடாது, நெய்ஞ்சா துணி பூராவும் கோடு விழுந்துரும்னு தலையில குட்டிக் குட்டிச் சொல்லிக் குடுத்தவன் நான். நீ பரீட்சைத் தாளையும் பாவுன்னு நெனைச்சு, அந்த இழையை முடியப் பாத்துக்கிட்டே ஒக்காந்துட்ட. தறிக்காரன் வீட்டுல பொறந்தவனைத் தவிர வேற எவனும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். சம்சாரி வீட்டுப் பயலா இருந்தா மொளைக்காத எடத்தை விட்டுட்டு மொளைச்சதுக்குக் களை வெட்டப் போயிருப்பான்.

சத்தமே இல்லப்பான்னு நீ சொன்னப்ப, சரிடா, இனிமே சத்தம் இல்லாத எடத்துல ஒக்காந்து படின்னு சொல்லியிருந்தா நான் அப்பன். எனக்கு அப்படி ஓடல. சத்தந்தான வேணும், கொண்டாந்துட்டாப் போச்சுன்னு நெனைச்சேன். உங்கிட்டயும் சொல்லல, உங்கம்மாகிட்டயும் சொல்லல.

ரெண்டாந்தடவை நானும் கூட வாரேன்னு மதுரைக்கு வந்தேனே, மஞ்சப் பையில என்ன இருந்துச்சுன்னு நீ கேட்டதுக்கு வெத்தலைன்னேன். அதுல இருந்தது ஊடை நூலு ஓட்டுற என் தறி நாடாக் கட்டை. நீ உள்ள போனதும் அந்தப் பள்ளிக்கூடத்தைச் சுத்தி வந்து, எந்த ஜன்னலுக்கு நேரா நீ இருக்கன்னு பாத்துக்கிட்டேன். வேப்ப மரத்தடியில குத்தவச்சு, மணியடிச்சுக் கொஞ்ச நேரம் பொறுத்து நாடாவை எடுத்துச் செவுத்துல தட்டுனேன். மெதுவாத்தான் தட்டுனேன். நம்ம தறி எந்த வேகத்துல ஓடுமோ அதே வேகம். டக்கு, விட்டு ஒரு டக்கு. உனக்குக் கேக்கும், ஓட ஆரம்பிச்சுரும்னு நெனைச்சு எனக்கு அப்படி ஒரு சந்தோசம். சிரிச்சுக்கிட்டே தட்டுனேன். சத்தியமா சொல்றேன், என் வாழ்நாள்ல அவ்வளவு புத்திசாலியா நான் என்னைய நெனைச்சதே இல்ல.

பியூன் வந்துட்டான். "யோவ் பெருசு, என்னய்யா பண்ற?" "பல்லி அடிக்கிறேன்யா." "பல்லி எங்க?" "ஓடிப்போச்சு." "நீ விட்டு விட்டுத் தட்டுனதை அந்தக் கோடியில இருந்து கேட்டுட்டுத்தான்யா வாரேன். ஒண்ணு தட்டுனா முத விடை, ரெண்டு தட்டுனா ரெண்டாவது விடையா? உள்ள யாரு, உம் மகனா?" நாடாவைப் புடுங்கித் தரையில எறிஞ்சான், முனை நசுங்கிப்போச்சு. நான் தறிக்காரன்யா, அது நாடாய்யான்னேன். தறிக்காரனுக்கு பரீட்சை நடக்குற எடத்துல என்ன சோலின்னான். நியாயமான கேள்விதான். ஆபீசரு வந்தாரு, வாசல்ல நின்ன போலீசுக்காரரைக் கூப்புட்டு வரச் சொன்னாரு. உங்கிட்டல்லாம் வீரமாப் பேசுறவன், வேட்டியத் தடுக்கி விழப் பாத்தேன்.

அந்த நேரத்துலதான் எங்க சத்தம் கேட்டு நீ வெளிய வந்த. கையில பேனா இருந்துச்சு. "சார், அது எங்கப்பா. அவுக காப்பி அடிக்க வரல. விட்டுருங்க"ன்ன. "வெளிய வந்துட்டா மறுபடி உள்ள போக முடியாது, தெரியுமா தம்பி"ன்னு அவரு கேட்டாரு. கேக்கும்போது அவருக்கே மனசு இல்ல, அவரு உன்னையப் பாத்த பார்வையில தெரிஞ்சது. "தெரியும் சார்"ன்ன. குனிஞ்சு நாடாவை எடுத்து மண்ணைத் தொடைச்சு என் பையில போட்ட. கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்த. பஸ் ஸ்டாண்டுல எனக்கு டீ வாங்கிக் குடுத்து, சூடா இருக்கு, ஊதிக் குடிங்கன்ன.

இதுவரைக்கும் உள்ளது உனக்கும் தெரியும். இதுக்கப்புறம் என் மனசுல ஓடுனதுதான் உனக்குத் தெரியாதது. விருதுநகர்ல பஸ்ஸு மாறி வந்தோம். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்ட. நான் முழிச்சுக்கிட்டு இருந்தேன். உன்னையப் பத்தி நெனைச்சேன்னு எழுதுனா நல்லா இருக்கும். நான் நெனைச்சது, தெருவுல எறங்குனா கேப்பாகளே, என்ன சொல்றதுன்னு. செவுத்துல தட்டிப் போலீசுகிட்ட மாட்டுனேன்னு சொன்னா, ஊரை எல்லாம் கேலி பண்ணுற எனக்கு என்ன மரியாதை இருக்கும்னு நெனைச்சேன். பாலவனத்தம் தாண்டும்போது ஒரு பொய் கெடைச்சுருச்சு. எறங்குனதும் டீக்கடை கோவிந்து கேட்டான், "என்ன மாமா, மாப்ள எப்படி எழுதுனான்?" நான் யோசிக்கவே இல்ல. "எழுதுனானா? கரண்டு காத்தாடிக்குக் கீழ எடம் குடுத்துட்டாக. நல்லாத் தூங்கிட்டு வந்தான்"னுட்டேன். கடையே சிரிச்சது. நீ பையோட பின்னால நின்ன. எல்லாரும் உன்னையப் பாத்தாக. நீயும் லேசாச் சிரிச்ச. அந்தச் சிரிப்பு இருக்கே, அதை நான் வாங்கி மூணு வருசமாச்சு, இன்னும் செரிக்கல.

சாயப்பட்டறை சீனி அன்னைக்கே பேரு வச்சுட்டான், தூங்குதொரைன்னு. நீ பாவு சுமந்துக்கிட்டுப் போனா "என்ன தொரை, முழிப்பா"ம்பாக. பொய்யி எம் பொய்யிங்கிறதால நிறுத்துங்கடான்னு நான் சொல்லல. சொல்லப்போனா நானும் கூடச் சேந்து கூப்புட்டேன். நிறுத்துனா சந்தேகம் வந்துருமோன்னு இருந்துச்சு. போன தையில உன்னையப் பாக்க வந்த பொண்ணு வீட்டுக்காரவுக, வீட்டுக்கு வர்றதுக்கு முன்னால டீக்கடையில விசாரிச்சுருக்காக. "யாரு, பரீட்சையில தூங்குனவனா"ன்னு எவனோ கேட்டிருக்கான். அவுக காப்பி குடிச்சுட்டுப் போனவுகதான். நீ என்னைய ஒரு பார்வை பாத்த. அப்பவும் உங்கம்மாகிட்டகூட நீ சொல்லல. பரளச்சிக்குப் பொட்டியைத் தூக்கிக்கிட்டு, "அங்க தறி இல்லப்பா, சத்தம் இல்லாமப் படிக்கப் போறேன்"னு சொன்னப்ப, "தறி இல்லாத ஊருல உனக்குத் தூக்கம் நல்லா வரும்"னேன். வாசப்படியில நின்னுட்டுப் போன. அதுதான் நான் கடைசியாப் பேசுனது.

இந்த எடத்துல பேனாவை வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன் தம்பி. போயிட்டு வந்து எழுதுறேன், அதனாலதான் கையெழுத்து இங்க இருந்து கோணலா இருக்கு.

நாடாவை எடுத்துக்கிட்டு கோவிந்து கடைக்குப் போனேன். சீனி பெஞ்சுல ஒக்காந்து பேப்பரு பாத்துக்கிட்டு இருந்தான். இன்னும் அஞ்சாறு பேரு இருந்தாக. "ஏலே சீனி, தூங்குதொரைங்கிற பேரைத் திருப்பிக் குடுத்துருங்க"ன்னேன். "யாருக்கு மாமா?" "எனக்கு." சிரிச்சாக. உக்காந்து நடந்ததை எல்லாம் சொன்னேன், வேப்ப மரம், பல்லி, போலீசு, ஒண்ணும் விடல. சொல்லச் சொல்லச் சிரிப்புத்தான் ஜாஸ்தியாச்சு. "மாமா இன்னைக்குப் புதுசா ஒண்ணு கட்டிக் கொண்டாந்துருக்காரு"ன்னான் ஒருத்தன். கோவிந்து, "பல்லி நல்லா இருக்கு மாமா, பல்லியை எடுத்துறாதீக"ங்கிறான். நாப்பது வருசம் கேலி பேசுனவன் நெசம் சொன்னா இப்படித்தான். நாடாவைக் கையில எடுத்துக் காட்டுனேன். அது முனை நசுங்குனது சீனிக்குத் தெரியும், நம்ம தெருவுல எல்லாருக்கும் தெரியும், எப்படி நசுங்குச்சுன்னுதான் தெரியாது. கடைச் செவுத்துல அன்னைக்குத் தட்டுன மாதிரியே தட்டிக் காட்டுனேன். டக்கு, விட்டு ஒரு டக்கு. தட்டும்போது எனக்குக் கை நின்னுபோச்சு. என் மொகத்துல என்ன இருந்துச்சோ, ஒருத்தனும் சிரிக்கல.

கோவிந்து ஆத்திக்கிட்டு இருந்த டீயைக் கீழ வச்சான். "அப்ப அந்தப் பய மூணு வருசமா ஒரு வார்த்தை சொல்லலையே மாமா"ன்னான். நான் ஆமான்னேன். சீனி பேப்பரை மடிச்சான். "மாமா, அவனை நான் எத்தனை தடவை கூப்புட்டுருக்கேன் தெரியுமா"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். தெருக்கோடி வரைக்கும் போனவன் திரும்பி வந்தான். அவனும் என்னைய மாதிரி ஆள்தான், சும்மா போக முடியாது. "பேரைத் திருப்பித் தர முடியாது மாமா, அது பழசு. உங்களுக்குப் புதுசா வச்சுட்டேன். செவுத்துத் தறி"ன்னான். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள இந்தத் தெருவுல எல்லாரும் என்னைய அப்படித்தான் கூப்புடப் போறாக. நல்ல பேருதான். கடுதாசித் தலைப்புலயே போட்டுருக்கேன், இப்பத்தான் மேல சேத்தேன். வீட்டுக்கு வந்து உங்கம்மாகிட்டயும் சொன்னேன். அவ அரிசியில கல்லுப் பொறுக்கிக்கிட்டே இருந்தா. அப்புறம், "எம் புள்ளைக்கு இதையும் எழுதுனீகளா"ன்னு கேட்டா. எழுதுறேன்னேன். இன்னைக்கு எனக்குச் சோறு உண்டான்னு இனிமேதான் தெரியும்.

இப்ப நேரம் நாலாகப் போகுது. ராமசுப்பு வந்துருவான். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதைன்னு நீ கேப்ப. நான் பரீட்சை எழுதுனவன் இல்ல, கெடுத்தவன். ரெண்டு பரீட்சையைக் கெடுத்த அனுபவம் இந்தத் தெருவுல வேற எவனுக்கு இருக்கு சொல்லு. அதனால கேட்டுக்க.

வரிசையாப் படிச்சதை வரிசையாச் சொல்றதை இன்னையோட விட்டுரு. ராமசுப்பு வீட்டுல அரிசி பொடைக்கிற சொளகு இருக்கும், கேட்டு வாங்கு. கேள்விகளைத் துண்டுத் துண்டாப் பேப்பருல எழுதிச் சொளகுல போட்டுப் பொடைச்சு, கையில எது வருதோ அதுக்குப் பதில் சொல்லு. மொதல்ல இருந்து வந்தாத்தான் வருதுன்னா அது உனக்குத் தெரியலைன்னு அர்த்தம், காலுக்குத்தான் தெரியும். வராத கணக்கு வந்தா அதை விட்டுட்டு மேல போ. துணியில கோடு விழாது. அந்த இழையை அப்புறமா வந்து முடிஞ்சுக்கலாம், முடியாட்டியும் பரவாயில்ல. நான் குட்டுன குட்டு எல்லாத்தையும் வாபஸ் வாங்கிக்கிட்டேன். கேள்வியைக் கடைசி வரைக்கும் படி. பாதியிலயே பதில் சொல்ற வியாதி எங்கிட்ட இருந்து உனக்கு ஒட்டுனது, உங்கம்மா பேச ஆரம்பிச்சா நான் முடிச்சு வைப்பேன், பாதி தடவை அவ சொல்ல வந்தது வேறயா இருக்கும். அந்தப் பழைய கைடை நான் அடுப்புல போட்டுட்டேன், ராமசுப்புகிட்ட வாரப் பேப்பரு, மாசப் பேப்பருன்னு சீனி குடுத்த ஒரு கட்டு வருது, அதைப் பாரு. நெசமாவே அவந்தான் குடுத்தான், எட்டி நின்னு குடுத்துட்டு ஓடிட்டான்.

வெள்ளிக்கிழமை அந்த மோட்டார் ரூம்புல, மோட்டாரை நிப்பாட்டிட்டு, பரீட்சை எம்புட்டு நேரமோ அம்புட்டு நேரம் எந்திரிக்காம ஒக்காந்து எழுதிப் பாரு. ராமசுப்பு மணி பாத்துச் சொல்லட்டும். நீ தறி இல்லாத ஊருக்குப் போனது நல்ல யோசனைடா. அந்த யோசனை எனக்கு வந்திருக்கணும். வரலைன்னுதான் அன்னைக்குக் கோவிச்சேன். சனிக்கிழமையே மதுரைக்குப் போயி, எந்தப் பள்ளிக்கூடம், எந்த வாசல்னு பாத்துட்டுப் படுத்துரு. படிக்காத. தூங்கு. இந்தத் தடவை தூங்குனா ஒருத்தனும் சிரிக்க மாட்டான். யாரு வீட்டுலயும் தயிர் சாப்புடாத. பரீட்சை எப்பன்னு தெருவுல ஒருத்தனுக்கும் நான் சொல்லல. டீக்கடையில சொன்னது பழைய பரீட்சை. புதுசைப் பத்தி வாயைத் தொறக்கல. அதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பாஸாகலைன்னா என்னன்னு ஒண்ணு எழுதணும்னு நெனைச்சேன். எழுத வரல. உன் தறி இருக்கு, அது ஒண்ணும் கொறைஞ்ச சோலி இல்ல. ஆனா நீ எழுதாம விட்டு இங்க திரும்பி வந்தா, அந்தத் தறியில நீ ஒக்காந்து நெய்யிற ஒவ்வொரு டக்கும் எனக்குச் செவுத்துல தட்டுன மாதிரியே கேக்கும். அந்தச் சத்தத்தோட நான் இன்னும் எத்தனை வருசம் எதுத்த தறியில ஒக்காந்துருக்கணுமோ தெரியல. அறுபதைத் தொடப் போறேன், எங்கப்பன் எம்பது வரைக்கும் இருந்தான். அதனால நீ போயி எழுது. எனக்காகன்னு வச்சுக்கிட்டாலும் சரி, என்னையப் பழி வாங்கவேன்னு வச்சுக்கிட்டாலும் சரி.

நான் மதுரைக்கு வர மாட்டேன். நம்ப மாட்டன்னு தெரியும், எம் பேச்சை நம்பி நீ என்னத்தைக் கண்ட. அதனால ராமசுப்புகிட்ட அந்த நாடாவையும் குடுத்து விடுறேன். துணியில சுத்தி வச்சுருக்கேன். அது உங்கிட்ட இருந்தா நான் எதை வச்சுத் தட்ட முடியும்? இதை உங்கம்மாகிட்ட பெருமையாச் சொன்னேன். "ஏன், தட்டுறதுக்கு உங்களுக்குக் கை இல்லையாக்கும்"னு கேக்குறா. ஞாயித்துக்கிழமை விடியக்காலம் என் வேட்டி ரெண்டையும் தண்ணியில முக்கிப் போட்டுருவாளாம். காயுற வரைக்கும் துண்டைக் கட்டிக்கிட்டு தறிக்குழிக்குள்ள கெடங்கன்னுட்டா. கெடப்பேன். பரீட்சை ஆரம்பிக்குற பத்து மணிக்குத் தறியை நிப்பாட்டிட்டு சும்மா ஒக்காந்துருப்பேன். சத்தம் இல்லாம அம்புட்டு நேரம் ஒக்காந்தா எப்படி இருக்கும்னு நானும் ஒரு தடவை பாக்குறேன்.

ராமசுப்பு வாசல்ல நிக்கான். பஸ்ஸு வந்துரும்ங்கிறான்.

ஒண்ணே ஒண்ணு தம்பி. உள்ள ஒக்காந்துருக்கும்போது ஜன்னலுக்கு வெளிய என்ன சத்தம் கேட்டாலும் அது நான் இல்ல. எந்திரிக்காத.

அப்பா